இயா பள்ளத்தாக்கு: ஆறு பேர், ஒரே நாள், அம்மாவுக்கு முட்டிவலி

கேள்வி: ஒசாகாவில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். நவம்பர் நடுவில் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். மனைவி, 9 வயது மகள், 4 வயது மகன் என மொத்தம் ஆறு பேர். ஷிகொகு தீவில் உள்ள இயா பள்ளத்தாக்கை ஒரே நாளில் சுற்றிப் பார்க்க ஆசை. கொடிப்பாலம், பொம்மை கிராமம், படகு, வெந்நீர் ஊற்று, த்சுருகி மலை எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. அம்மாவுக்கு முட்டிவலி, சுத்த சைவம் வேறு. காரில் போவதா, ரயிலிலா? ஒரு நாள் போதுமா?

பதில்: ஒரு நாள் போதும். பட்டியலைப் பாதியாக வெட்டினால்தான் போதும். வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் 15, 20 கிலோமீட்டருக்குள் இருப்பதுபோல் தெரியும். ஆனால் இயாவில் கிலோமீட்டர் கணக்கு உதவாது, மணிக்கணக்குதான். மேற்கு இயாவிலுள்ள கொடிப்பாலத்திலிருந்து உள் இயாவிலுள்ள இரட்டைக் கொடிப்பாலத்துக்குப் போக, எங்கும் நிற்காமல் ஓட்டினாலே ஏறக்குறைய ஒரு மணி நேரம். திரும்பி வரவும் அதே வழிதான். நடுவில் பையனுக்கு வாந்தி வந்தால் அதற்கு அரை மணி நேரம் தனி.

முதல் விஷயம், ஒசாகாவிலிருந்து காலையில் கிளம்பி அன்று இரவே திரும்புவதை மறந்துவிடுங்கள். அகாஷி பாலம், அவாஜி தீவு, தொகுஷிமா விரைவுச்சாலை வழியாக இகாவா-இகேதா வெளிவழிக்கே மூன்று மணி நேரம் ஆகும். அதற்கு மேல் மலைப்பாதை. முந்தின நாள் மாலையே அவா-இகேதா நகரத்துக்கோ, பள்ளத்தாக்கின் வாசலிலுள்ள ஒபொகெ பக்கமோ வந்து தங்கிவிடுங்கள். பெட்ரோல் நிரப்புவது, பழம், ரொட்டி, தண்ணீர் வாங்குவது, ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பது எல்லாம் இகேதாவிலேயே முடியட்டும். உள்ளே போனபின் கடை தேடி அலைய வேண்டாம். கையில் ரொக்கம் இருப்பது முக்கியம்.

காரா, ரயிலா? ஆறு பேர், முட்டிவலி, 4 வயதுக் குழந்தை என்றால் கார்தான். ரயில் மோசமில்லை. ஒகயாமாவிலிருந்து நான்பூ விரைவு ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவோ சற்றுக் கூடுதலாகவோ ஒபொகெ நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து கொடிப்பாலத்துக்குப் பேருந்தும் உண்டு. ஆனால் பேருந்துகள் நாளுக்குச் சில மட்டுமே, உள் இயாவுக்கு இன்னும் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் அம்மாவை நிறுத்தத்தில் உட்காரவைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

ஓட்டுநர் உரிமம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். இந்தியாவில் எடுத்த சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஜப்பானில் செல்லும், ஆனால் நாட்டுக்குள் வந்த நாளிலிருந்து அதிகபட்சம் ஓராண்டுதான். நீங்கள் அங்கேயே வேலை பார்ப்பவர், ஓராண்டு தாண்டியிருந்தால் ஜப்பான் உரிமம் வேண்டும். நடுவில் ஊருக்கு இரண்டு வாரம் போய்ப் புது அனுமதி எடுத்து வந்தாலும் கணக்கு புதிதாகத் தொடங்காது. அதற்கு மூன்று மாதமாவது வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும். ‘அப்பா ஓட்டட்டுமே, அவரிடம் அனுமதி இருக்கிறதே’ என்ற யோசனை வந்தால் விரைவுச்சாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம், அதனால் வண்டி பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

அந்த நாள் எப்படிப் போகும் என்பதையே வண்டி தேர்வுதான் தீர்மானிக்கும். ஆறு பேர் என்றதும் வாடகைக்காரர் ஆல்ஃபார்ட் மாதிரி பெரிய வண்டியைக் காட்டுவார். அதன் அகலம் 1,850 மில்லிமீட்டர். டொயோட்டா சியென்டாவிலும் மூன்று வரிசை இருக்கை உண்டு, அகலம் 1,695 மட்டுமே. அந்த 15 சென்டிமீட்டரின் அருமை, எதிரே மரம் ஏற்றிய லாரி வரும்போது தெரியும். மூன்றாவது வரிசையைப் போட்டால் சியென்டாவில் பெட்டி வைக்க இடம் இருக்காது, பெட்டிகளை விடுதியில் விட்டுவிட்டு வாருங்கள்.

சாலை நம் ஊர் மாதிரி இடது பக்கம்தான், அந்தக் குழப்பம் இல்லை. பள்ளத்தாக்குக்குள் நுழைய இரண்டு வழிகள். ஒன்று, ஒபொகெயிலிருந்து சுரங்கப்பாதை வழியாகப் போகும் 45ஆம் எண் மாவட்டச் சாலை. அகலமானது, பயமில்லை. இன்னொன்று, வடக்கே இயாகுச்சியிலிருந்து ஆற்றை ஒட்டிப் போகும் பழைய 32ஆம் எண் மாவட்டச் சாலை. பல இடங்களில் ஒரு வண்டிதான் போகும், ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் கிடுகிடு பள்ளம். அந்த வழியில்தான் 200 மீட்டர் பள்ளத்தின் விளிம்பில் சிறுநீர் கழிக்கும் சிறுவன் சிலை நிற்கிறது. 1968இல் வைத்தது. பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் அதற்காக அந்த வழியில் நுழைய வேண்டாம். வழிகாட்டி செயலி சில சமயம் ‘குறுக்கு வழி’ என்று அங்கே தள்ளிவிடும், அதனால் ஒபொகெயை இடைநிறுத்தமாகப் போட்டு வையுங்கள். வரைபடத்தை முன்பே தரவிறக்கிக்கொள்ளுங்கள், மலைக்குள் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும்.

குறுகலான இடத்தில் எதிர்வண்டி வந்தால், ஒதுங்கும் இடம் யாருக்குப் பக்கமோ அவர் பின்னால் எடுப்பதுதான் அங்கே வழக்கம். ஹாரன் அடித்து வழி கேட்கும் நம் பழக்கத்தை இகேதாவிலேயே இறக்கி வைத்துவிடுங்கள். வளைவுகளில் வட்டக் கண்ணாடி வைத்திருப்பார்கள், அதில் கண் வையுங்கள். தலைசுற்றல் வருகிறவர்களுக்குக் கிளம்பும் முன்பே மாத்திரை கொடுத்துவிட வேண்டும், வளைவில் வைத்துக் கொடுத்துப் பயனில்லை.

சரி, எங்கே போவது?

காலை 8 மணிக்குக் கொடிப்பாலம். திறப்பதே அப்போதுதான், சுற்றுலாப் பேருந்துகள் பத்து மணி வாக்கில் வந்து கொட்டும். 45 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், ஆற்றுக்கு மேலே 14 மீட்டர் உயரம். ஷிராகுச்சி என்னும் காட்டுக்கொடியால் முறுக்கிப் பின்னியது. கிவிப் பழத்துக்கு உறவான கொடி. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை குளிர்காலத்தில் பிரித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். உள்ளே எஃகுக் கம்பிவடம் ஓடுகிறது, அறுந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம். 1185இல் போரில் தோற்ற ஹெய்கே குலத்தார் இங்கே ஒளிந்து வாழ்ந்தார்கள், பகைவர் வந்தால் வெட்டிவிட வசதியாகக் கொடியில் பாலம் கட்டினார்கள் என்பது ஊர்க்கதை.

கவலைப்பட வேண்டியது தரையைப் பற்றி. பலகை அடித்த தரை இல்லை, கட்டைகளை இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். இடைவெளி வழியே ஆறு நேராகக் கண்ணில் படும். பெரியவர் பாதம் குறுக்காக நிற்கும், 4 வயதுக் குழந்தையின் கால் அப்படியே உள்ளே இறங்கிவிடும். பாலமும் நடக்க நடக்க ஆடும். ஒருவழிப் பாதை என்பதால் பாதியில் பயந்து திரும்பவும் முடியாது. மகள் கண்டிப்பாகப் போகட்டும், அவளுக்கு இதுதான் நாளின் உச்சம். பையனையும் அம்மாவையும் பக்கத்திலுள்ள கான்கிரீட் பாலத்தில் நிறுத்துங்கள். உண்மையைச் சொன்னால் கொடிப்பாலம் முழுசாகத் தெரிவது அங்கிருந்துதான், படமும் அங்கிருந்துதான் நன்றாக வரும். கடப்பவர்கள் செருப்புப் போடாமல் ஷூ போட வேண்டும், செல்பேசி பைக்குள் இருக்க வேண்டும். கட்டணம் பெரியவருக்குச் சுமார் 550 யென். பக்கத்திலேயே பிவா அருவி, ஐந்து நிமிட நடை.

அடுத்தது ஒச்சியாய் என்ற மலைக்கிராமம். இயாவில் ஒன்றே ஒன்று பார்க்க நேரமிருக்கிறது என்று யாராவது கேட்டால் கொடிப்பாலத்தைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன். எதிர்ச்சரிவில் ஒரு பார்வையிடம் இருக்கிறது, கார் அதுவரை போகும். அம்மா இரண்டடி நடந்தால் போதும். எதிரே ஒரு முழு ஊரும் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும். கீழ் வீட்டுக்கும் மேல் வீட்டுக்கும் உயர வித்தியாசம் 390 மீட்டர். கற்சுவர் கட்டி, அதன்மேல் வீடு, அதன் பக்கத்தில் துண்டு துண்டாக வயல். 2005இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள்.

அவசரப்படாமல் வயல்களைப் பாருங்கள். படிக்கட்டாக வெட்டாமல் சரிவாகவே உழுகிறார்கள். மழையில் மண் சறுக்காமலிருக்க, காய்ந்த கயா புல்லை வயலில் பரப்புகிறார்கள். இறங்கிய மண்ணைக் கருவியால் மேலே இழுத்துப் போடுகிறார்கள். அந்தப் புல்லை அறுத்து, நடுக்கம்பைச் சுற்றிக் கூம்பாக அடுக்கி நிறுத்தியிருப்பதை நவம்பரில் பார்க்கலாம், பார்வைக்கு நம் வைக்கோல்போர் மாதிரி. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு, இந்தச் சுற்றுவட்டாரத்துச் சரிவு விவசாயத்தை உலக வேளாண் பாரம்பரியமாக 2018இல் ஏற்றுக்கொண்டது. அப்பா விவசாயம் பார்த்தவரென்றால் அங்கிருந்து கிளப்புவது சிரமம்.

அங்கிருந்து அரை மணி நேரத்துக்குள் நகொரொ, உங்கள் பட்டியலிலுள்ள பொம்மை கிராமம். முப்பது பேர்கூட இல்லாத ஊரில், அதைப்போலப் பல மடங்கு பொம்மைகள். ஒசாகாவிலிருந்து சொந்த ஊருக்குத் திரும்பிய ஒரு பெண்மணி, விதைகளைப் பறவைகள் தின்னாமலிருக்கத் தன் அப்பா சாயலில் ஒரு சோளக்கொல்லைப் பொம்மை செய்ததில் தொடங்கியது இது. பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும் கிழவர், ரப்பர் பூட்ஸோடு வரப்பில் உட்கார்ந்திருக்கும் பெண், எல்லாமே பழைய துணியும் செய்தித்தாளும். 2012இல் மூடிய பள்ளிக்கூடத்திலும் பொம்மைகள்தான் கூடியிருக்கின்றன. சிலருக்கு இது வேடிக்கை, சிலருக்கு நெஞ்சு கனக்கும். பையன் பயந்தால் காரிலிருந்தே காட்டுங்கள். பொம்மையைத் தொட வேண்டாம், வீட்டு முற்றங்களுக்குள் போக வேண்டாம், அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

இங்கேயே திரும்பிவிடுங்கள் என்பது என் யோசனை. இன்னும் கால் மணி நேரம் போனால் இரட்டைக் கொடிப்பாலம். நவம்பர் வரை திறந்திருக்கும், டிசம்பரிலிருந்து மார்ச் வரை மூடல். கயிற்றை இழுத்து நாமே ஆற்றைக் கடக்கும் மரத்தொட்டி ஒன்றும் உண்டு, மகளுக்குப் பிடிக்கும். ஆனால் சாலையிலிருந்து இறங்கும் படிகள் அம்மாவின் முட்டிக்கு ஆகாது. பெரியவர்கள் காரில் ஓய்வெடுக்கச் சம்மதித்தால் போகலாம். 1,955 மீட்டர் த்சுருகி மலையை இந்தப் பயணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். நாற்காலி ஊர்தியில் ஏறினாலும் உச்சிக்கு அதற்கு மேல் நடக்க வேண்டும்.

சாப்பாட்டில் கவனம் தேவை. இயா சோபா (பக்வீட் மாவு நூடுல்ஸ்) பேர்பெற்றது, கோதுமை சேர்க்காததால் தடிமனாகவும் துண்டு துண்டாகவும் இருக்கும். ஆனால் அதன் சாறு மீனில் கொதித்தது, அம்மாவுக்கு ஆகாது. பிள்ளைகள் இதற்கு முன் பக்வீட் சாப்பிட்டதில்லையென்றால் மலைக்குள் வைத்துச் சோதிக்காதீர்கள், சிலருக்கு ஒவ்வாமை கடுமையாக வரும். அம்மாவுக்கு ஏற்றது தெகொமாவாஷி: சின்ன உருளைக்கிழங்கு, கெட்டியான டோஃபு, சேனைக்கிழங்கு இனக் கிழங்கில் செய்த கொன்னியாக்கு மூன்றையும் குச்சியில் கோத்து, மிசோ என்னும் சோயா விழுது தடவிக் கரியில் சுடுவார்கள். மிசோவில் மீன்சாறு கலந்திருக்கலாம், கேட்டுவிட்டு, வேண்டுமானால் வெறும் உப்பில் சுட்டுத் தரச் சொல்லுங்கள். எதற்கும் விடுதியிலிருந்து புளியோதரையும் உருளை வறுவலும் கட்டிக்கொண்டு போவதுதான் நிம்மதி.

மூன்று மணிக்குள் ஒபொகெ திரும்பினால் படகு ஏறலாம். அரை மணி நேரம், யொஷினோ ஆற்றின் பாறைகளுக்கு நடுவே போய் வரும். இங்கும் படகுத்துறைக்குப் படி இறங்க வேண்டும், அம்மா மேலே தேநீர் குடிக்கட்டும். அல்லது படகை விட்டுவிட்டு வெந்நீர் ஊற்று. இயா ஒன்சென் விடுதியில் கேபிள் காரில் 170 மீட்டர் இறங்கி ஆற்றோரம் குளிக்கலாம். தண்ணீர் சுமார் 39 டிகிரிதான், பிள்ளைகளுக்கும் தாங்கும். ஆனால் ஆண், பெண் தனித்தனி என்றாலும் துணியில்லாமல்தான் குளிக்க வேண்டும், இதை அப்பா அம்மாவிடம் முன்பே சொல்லிக் கேட்டுவிடுங்கள். விடுதியும் அந்தக் குறுகலான 32ஆம் எண் சாலையில்தான். இரண்டையும் ஒரே மாலையில் அடைக்க முயல வேண்டாம். நவம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கு இருட்டிவிடும், அதற்குள் அகலமான சாலைக்கு வந்துவிட வேண்டும்.

உள் இயாவில் காலைக் குளிர் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், பெரியவர்களுக்குக் கனமான ஜாக்கெட் எடுத்து வையுங்கள். முந்தின இரவு கனமழை பெய்திருந்தால் உள் இயாவுக்குப் போகும் 439ஆம் எண் சாலை மூடியிருக்கிறதா என்று விடுதிக்காரரிடம் காலையில் கேளுங்கள். மூடியிருந்தால் கொடிப்பாலமும் படகும் போதும், மீதி நேரத்துக்குக் கொதொஹிராவுக்கு வண்டியைத் திருப்பலாம். அங்குள்ள கொன்பிரா கோயிலுக்கு ஏற நூற்றுக்கணக்கான படிகள் இருக்கின்றன, அதை அம்மாவிடம் சொல்லாதீர்கள், ஏறியே தீருவேன் என்பார்.