கிரவல் வீதியில் சைக்கிளோடு விழுந்தால்: கேள்வி பதில்

(வன்னியில் நீண்ட காலம் காயங்களுக்கு மருந்து கட்டி ஓய்வுபெற்ற தாதி ஒருவர் பதிலளிக்கிறார்.)

தருமபுரம்: அக்கா, மகன் பள்ளிக்கூடம் போகும் வழியில் சைக்கிளோடு சறுக்கிவிட்டான். முழங்காலும் முழங்கையும் உரிந்துவிட்டன. எந்த மருந்து பூசலாம்?

மருந்து பிறகு, தங்கச்சி. முதலில் தண்ணீர். உங்கள் கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, கொதித்தாறிய நீரைக் காயத்தின் மேல் ஐந்து நிமிடமாவது ஊற்றுங்கள். கிரவலில் விழுந்த காயத்தில் குறுணிக் கற்கள் பதிந்திருக்கும். மேலே தெரிவதைக் கொதிநீரில் போட்டெடுத்த சாவணத்தால் எடுக்கலாம். ஆழத்தில் இருப்பதைக் கிண்டாமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். விட்டால் தோல் அதன்மேல் மூடி, பச்சை குத்தியதுபோல் கருநீலமாக நிலைத்துவிடும். கழுவியபின் வாஸ்லைனை மெல்லிதாகப் பூசி, ஒட்டாத துணி வைத்துக் கட்டுங்கள். தினமும் மாற்றுங்கள், ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் நனைத்து எடுங்கள். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி எப்போது போட்டான்? மண் பட்ட காயம் இது. கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டு கடந்திருந்தால் இன்னொன்று வேண்டும்.

புதுக்குடியிருப்பு: ஸ்பிரிட் ஊற்றலாமா?

வேண்டாம். புதிதாக வளரும் தோலையும் அது எரித்துவிடும்.

ஒட்டுசுட்டான்: பிள்ளை, எங்கள் காலத்தில் கோப்பித் தூளை அப்பி வெயிலில் காயவிட்டோம். பொருக்குக் கட்டி ஆறியது. நீர் மூடச் சொல்கிறீர். சீழ் பிடிக்காதா?

ஐயா, ஆறியது உங்கள் உடம்பின் பலத்தால். கோப்பித் தூளால் அல்ல. சீழ் பிடிப்பது உள்ளே விட்ட அழுக்கினால். கழுவாமல் மூடினால்தான் ஆபத்து. 1962இல் ஜோர்ஜ் வின்டர் என்பவர் பன்றித் தோலில் செய்து பார்த்தார்: மூடி ஈரப்பதத்தோடு வைத்த காயத்தில் புதுத்தோல் ஏறத்தாழ இரு மடங்கு விரைவாகப் படர்ந்தது. காய்ந்த பொருக்கு அதன் வழியை மறிக்கிறது.

மாங்குளம்: ஐயா சொல்வதுதான் சரி. காயத்துக்குக் காற்றுப் பட வேண்டும். அம்மா எங்களுக்கு மஞ்சள்தான் போடுவார்.

அம்மாவின் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் காயத்துக்குள் அப்பிய தூளை, பிள்ளை கதறக் கதறக் கழுவி எடுத்த கைகள் இவை. அடியில் சிவப்பா சீழா என்று பார்க்கவும் முடியாது. மஞ்சளைக் கறிக்குப் போடுங்கள்.

முழங்காவில்: காலில் சிராய்ப்பு. நாளை வயலில் இறங்கலாமா?

தோல் மூடும்வரை இறங்காதீர்கள். உரிந்த தோல் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உடலுக்குள் போகும். சேற்றில் மெலியோய்டோசிஸ் என்ற தொற்றுநோயின் கிருமியும் இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களை அது கடுமையாகத் தாக்கும். இறங்கியே ஆக வேண்டுமென்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். ஏற்பு ஊசி?

பரந்தன்: சிராய்ப்புக்கு எந்த மருந்து பூசலாம்?

முதல் பதிலில் இருக்கிறது. ஊசியையும் பாருங்கள்.

வவுனியா: பற்பசை பூசலாமா?

கூடாது. கோப்பித் தூள், மஞ்சள், பற்பசை, மண்ணெண்ணெய் எதுவும் கூடாது. இனி இதைக் கேட்காதீர்கள்.

விசுவமடு: மகளுக்குச் சிராய்ப்பு சிறிதுதான். ஹாண்டில் வயிற்றில் குத்தியதாம். காலையிலிருந்து வயிறு வலி, முகம் வெளிறியிருக்கிறாள்.

சிராய்ப்பை விடுங்கள். உள்ளே மண்ணீரலோ ஈரலோ கிழிந்திருக்கலாம். குடிக்கவும் சாப்பிடவும் எதுவும் கொடுக்காதீர்கள். படுக்க வைத்து, இப்போதே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.