1.9-க்குப் பிறகு 1.10 வந்தால் அது ஏற்றமா, இறக்கமா?

கேள்வி: டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் பயன்படுத்துகிறேன். நிறுவிய தொகுப்புகளின் பட்டியலில் விம் (உரைத் திருத்தி) 2:9.0.1378-2, கர்ல் (இணையத்திலிருந்து தரவு எடுக்கும் கருவி) 7.88.1-10+டெப்12யு5 என்றெல்லாம் இருக்கிறது. 1.9 என்று இருந்த ஒரு நிரல் இப்போது 1.10 ஆகிவிட்டது. கணக்குப்படி 1.9 தானே பெரியது? இந்தப் பெயர்களையும் எண்களையும் எப்படிப் படிப்பது?

பதில்:

1.10 தான் புதியது. நடுவில் இருப்பது தசமப் புள்ளி அல்ல, வெறும் பிரிப்புப் புள்ளி.

மதுரையில் மேலமாசி வீதிப் பக்கம் உள்ள ஓர் அச்சகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பதினான்கு கணினிகள், எல்லாவற்றிலும் டெபியன். சேர்ந்த புதிதில் எனக்கும் இதே சந்தேகம் வந்தது. அதைத் தீர்த்துவைத்தவர், ஈய எழுத்துக் கோத்த காலத்திலிருந்து எங்களிடம் இருக்கும் மூத்த பக்க வடிவமைப்பாளர். "1.9-க்குப் பிறகு 1.10 என்று போட்டிருக்கிறார்களே, அண்ணே" என்றேன். "பாடநூலில் 1.9 என்ற பிரிவு முடிந்தால் அடுத்த பிரிவுக்கு என்ன எண் போடுவாய், தம்பி? 1.10 தானே?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இயந்திரமும் அப்படித்தான் படிக்கிறது. டெபியனில் தொகுப்புகளை, அதாவது நிறுவத் தயாராகக் கட்டிவைத்த நிரல்களை, நிறுவும் டிபிகேஜி என்ற நிரல், பதிப்பு எண்ணை இடமிருந்து வலமாகத் துண்டு துண்டாக எடுத்துக்கொள்ளும். எண்ணாக இல்லாத துண்டை எழுத்து வரிசைப்படி ஒப்பிடும், எண்ணாக இருக்கும் துண்டை முழு எண்ணாக ஒப்பிடும். ஒன்றும் ஒன்றும் சமம், புள்ளியும் புள்ளியும் சமம், ஒன்பதைவிடப் பத்து பெரியது. முடிந்தது. டெபியனிலிருந்து உருவான உபுண்டுவின் 24.04, 24.10 என்பவையும் இதே வகைதான். முன்னது 2024 ஏப்ரல், பின்னது 2024 அக்டோபர். 2004 அக்டோபரில் வந்த முதல் உபுண்டுவின் எண் 4.10.

இனி நீண்ட எண்களுக்கு வருவோம். ஒரு புத்தகத்தின் உரிமைப் பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். "மூன்றாம் பதிப்பு, இரண்டாம் அச்சு" என்று போட்டிருக்கும். பதிப்பு மாறினால் ஆசிரியர் உள்ளடக்கத்தில் கை வைத்திருக்கிறார் என்று பொருள். அச்சு மட்டும் மாறினால் ஆசிரியர் தொடவில்லை, அச்சிட்டவர்தான் மறுபடி அடித்திருக்கிறார், ஒருவேளை அட்டையையோ கட்டுமானத்தையோ சரிசெய்திருக்கிறார். டெபியன் எண்ணில் கடைசிச் சிறுகோட்டுக்கு முன்னால் இருப்பது நிரலை எழுதியவர்கள் கொடுத்த பதிப்பு, பின்னால் இருப்பது டெபியன்காரர்களின் அச்சு. உங்கள் விம் 9.0.1378-2 என்பது விம் ஆசிரியர்களின் 9.0.1378-ஐ டெபியன் இரண்டாம் முறையாகக் கட்டித் தந்தது. முன்னால் நிற்கும் 2: என்பது வேறு கதை, அதற்குக் கீழே வருகிறேன்.

புத்தகத்துக்குப் பதிப்பு வருவதற்கு முன்னால் புரூஃப் வரும் அல்லவா? அதற்கும் ஒரு குறி இருக்கிறது: அலைக்குறி, அதாவது ~. வரிசையில் இது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும், ஒன்றுமே இல்லாத வெற்றிடத்துக்கும் முன்னால். அதனால் 1.0~ஆர்சி2, அதாவது 1.0-க்கு முந்தைய இரண்டாம் சோதனை வெளியீடு, 1.0-ஐ விடச் சிறியது. அலைக்குறி இல்லாமல் 1.0ஆர்சி2 என்று எழுதினால் இயந்திரம் அதை 1.0-ஐ விடப் பெரியதாக எடுத்துக்கொள்ளும். புரூஃப் வைத்திருப்பவருக்கு உண்மையான புத்தகம் கடைசிவரை வந்து சேராது. அடுத்த டெபியனில் இருக்கும் புதிய நிரலை இப்போதைய டெபியனுக்குக் கட்டித் தருபவர்களும் ~பிபிஓ12+1 என்று வால் சேர்ப்பது இதற்காகத்தான். நாளை நீங்கள் அடுத்த டெபியனுக்கு மாறும்போது அங்கிருக்கும் அசல் தொகுப்பு இதைவிடப் பெரிய எண்ணாக இருந்து, தானாகவே இதை மாற்றிவிடும்.

இந்த ஏற்பாட்டின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரே பெயரில் இரண்டு தொகுப்பு வந்தால் எது எதை அகற்றிவிட்டு உட்கார வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்வதுதான் பதிப்பு எண்ணின் வேலை. நிரல் நல்லதா, முதிர்ந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. வரிசை முன்னோக்கி மட்டுமே போகும். இதைப் புரிந்துகொள்ளாமல் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

எங்கள் அச்சகத்துக்கென்று தமிழ் எழுத்துருக்களை ஒரே தொகுப்பாகக் கட்டி எல்லாக் கணினிகளிலும் போட்டிருந்தேன். தொடங்கிய நாளையே பதிப்பு எண்ணாக வைத்தேன்: 20190610. 2022-இல் எழுத்துருவில் ஒரு முக்கியமான திருத்தம் செய்தோம். "ஸ்ரீ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக அடிக்க முடியும். ஸகரத்தை வைத்து அடிப்பது ஒன்று, 2005-இல் யூனிகோடு 4.1-இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தை வைத்து அடிப்பது மற்றொன்று. எங்கள் பழைய எழுத்துருவில் முதல் விதத்துக்கு மட்டுமே கூட்டு வடிவம் இருந்தது. இரண்டாவது விதத்துக்கும் சேர்த்துவிட்டு, இனி ஒழுங்காக எண் போடுவோம் என்று 1.0 என்று பெயரிட்டு, எங்கள் கணினிகள் தொகுப்புகளை எடுத்துக்கொள்ளும் களஞ்சியத்தில் ஏற்றினேன். புதிதாக டெபியன் நிறுவிய இரண்டு கணினிகளில் 1.0 வந்தது. மற்ற பன்னிரண்டும் "ஏற்கெனவே மிகப் புதிய பதிப்பு இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அசையாமல் இருந்தன. 20190610 எங்கே, 1 எங்கே? இயந்திரம் சொன்னது சரிதான். அந்த வரியைத் திரையில் பார்த்தும் அதன் பொருளை நான் யோசிக்கவில்லை.

அந்த வைகாசி முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை. புதிய எழுத்துரு இருந்த கணினியில் வடிவமைத்துப் புரூஃப் காட்டி ஒப்புதலும் வாங்கியாயிற்று. கடைசி நேரத்தில் மாப்பிள்ளை வீட்டு ஊர்ப் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்த, வேறொரு கணினியில் கோப்பைத் திறந்தார்கள். திருத்திய ஊர்ப் பெயரை மட்டும் சரிபார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்பினார்கள். அறுநூறு பத்திரிகை அச்சாகி வந்தபோது, உச்சியில் "ஸ்ரீ மீனாட்சி சுந்தரேசுவரர் துணை" என்ற வரியில் முதல் எழுத்து உடைந்து, ஶகரம் தனியாக, புள்ளி தனியாக, ரீ தனியாக நின்றது. மங்கல வரியே பிசகிப்போனதைப் பெண்ணின் தகப்பனார் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றதை என்னால் மறக்க முடியாது. அறுநூறையும் மறுபடி அடித்துக் கொடுத்தோம்.

இந்த நிலைமைக்காக ஏற்பட்டதுதான் உங்கள் விம் எண்ணில் இருக்கும் 2: போன்ற முன்னொட்டு. இதைச் சகாப்த எண் என்று சொல்லலாம். நம் தெருக்களில் "பழைய எண் 42, புதிய எண் 17" என்று கதவில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முறை தெருவுக்கே மறு எண் கொடுத்துவிட்டால், பழைய 42-ஐயும் புதிய 17-ஐயும் ஒப்பிட்டுப் பயனில்லை. புதிய வரிசையே செல்லும். சகாப்த எண் குறிப்பிடப்படாவிட்டால் அது பூச்சியம். 1:1.0 என்று போட்டதும் பன்னிரண்டு கணினிகளும் 20190610-ஐ விட்டுவிட்டு ஏற்றுக்கொண்டன. ஒன்றைக் கவனியுங்கள்: தொகுப்புக் கோப்பின் பெயரில் இந்த முன்னொட்டு வராது, நிறுவிய பட்டியலில் மட்டும் வரும். இரண்டையும் பார்த்துக் குழம்புபவர்கள் நிறையப் பேர். ஒரு முறை போட்டால் பிறகு எடுக்கவே முடியாது என்பதுதான் இதன் விலை.

பின்வாங்கவே முடியாத வரிசையில் பின்வாங்கியே ஆக வேண்டிய நாள் வந்தால்? 2024 மார்ச்சில் வந்தது. எக்ஸ்இஸட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுக் கள்ளக்கதவு வைத்திருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர் கண்டுபிடித்து மார்ச் 29-இல் உலகுக்குச் சொன்னார். டெபியனின் நிலையான வெளியீட்டுக்குள் அது வரவில்லை. சோதனை நிலையில் இருந்த கிளைகளுக்கு வந்திருந்தது. 5.4.5-க்குத் திரும்ப வேண்டும், ஆனால் 5.6.1 வைத்திருக்கும் கணினி 5.4.5-ஐத் தானாக ஏற்காது. அதனால் 5.6.1+ரியலி5.4.5-1 என்று எண் கொடுத்தார்கள். வரிசையில் 5.6.1-ஐத் தாண்டி நிற்கும், உள்ளே இருப்பது உண்மையில் 5.4.5. அடுத்து 5.6.2 வந்தால் அது இதையும் தாண்டிவிடும், வடு எதுவும் மிஞ்சாது. சகாப்த எண் போட்டிருந்தால் அது காலமெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். நெருக்கடியான அந்த நேரத்திலும் இவ்வளவு நிதானமாக ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்தார்களே என்று அந்த வரியைப் படித்தபோது எனக்கு மரியாதை கூடியது.

உங்கள் கர்ல் 7.88.1-10+டெப்12யு5 எளிது. 7.88.1 என்பது 2023 பிப்ரவரியில் கர்ல் ஆசிரியர்கள் வெளியிட்டது. +டெப்12யு5 என்றால் டெபியன் 12 வெளியான பிறகு அதில் செய்த ஐந்தாவது திருத்தம். இங்கே பலர் பயந்துபோகிறார்கள்: "ஆசிரியர்கள் எங்கேயோ போய்விட்டார்கள், நாம் இன்னும் 7.88-இலேயே இருக்கிறோமே, ஓட்டை இருக்காதா?" நிலையான வெளியீட்டில் டெபியன் பெரும்பாலும் பதிப்பை மாற்றுவதில்லை. புதிய பதிப்பில் வந்த பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் தைத்துத் தருகிறது. ஆகவே முன்பாதியைப் பார்த்து நிரல் பழையது என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். வால் பகுதியையும் படியுங்கள்.

பெயர்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரே பெயர் இருந்தால் ஒன்று மற்றொன்றை அகற்றும், பெயர் வேறாக இருந்தால் இரண்டும் சேர்ந்து குடியிருக்கலாம். லிப்எஸ்எஸ்எல்1.1, லிப்எஸ்எஸ்எல்3 என்று லைப்ரரிகளின் (பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் பகுதிகளின்) பெயருக்குள்ளேயே எண் வருவதற்கு இதுதான் காரணம். பழையதை நம்பியிருக்கும் நிரல் உடையாமல், புதியதும் பக்கத்திலேயே இருக்க முடிகிறது. டெபியன் 13-இல் அதன் பெயர் லிப்எஸ்எஸ்எல்3டி64. 2038 ஜனவரி 19-உடன் 32 பிட்டில் நொடிகளை எண்ணும் வழக்கம் தீர்ந்துபோகும் என்பதால், 32 பிட் கணினி வகைகள் சிலவற்றிலும் நேரத்தை 64 பிட்டில் வைக்கும்படி மாற்றினார்கள். பழைய நிரல்கள் தெரியாமல் புதிய லைப்ரரியுடன் ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்று பெயரையே மாற்றிவிட்டார்கள்.

பெயர்களுக்கு விதி குறைவு: ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், கூட்டல் குறி, சிறுகோடு, புள்ளி. நான் இங்கே தமிழில் ஒலிபெயர்த்து எழுதுகிறேன். அடிக்கோடு கிடையாது, ஏனென்றால் கோப்பின் பெயரில் தொகுப்பின் பெயரையும் பதிப்பையும் செயலி வகையையும் பிரிப்பது அடிக்கோடுதான்.

தமிழர்களாகிய நமக்கு ஒரு சுவையான விஷயம்: நம் மொழிக்கு மூன்று குறிகள். லிப்ரேஆபிஸின் தமிழ் இடைமுகத் தொகுப்பு "டிஏ" என்று முடியும். படத்திலிருந்து தமிழ் எழுத்தைப் படிக்கும் டெஸராக்ட் தொகுப்பு "டிஏஎம்" என்று முடியும். லோஹித் எழுத்துருத் தொகுப்பு "டிஏஎம்எல்" என்று முடியும். முதல் இரண்டும் மொழிக்கான ஈரெழுத்து, மூவெழுத்துக் குறிகள். நான்காவது எழுத்தும் சேர்ந்தது வரிவடிவத்துக்கான குறி. இது ஏன் வேறு என்பது மதுரைக்காரர்களுக்கு எளிதில் புரியும். இங்கே சௌராஷ்டிர மொழியில் எழுதுவோர் பலர் தமிழ் எழுத்திலேயே அதை எழுதுகிறார்கள். அப்படி ஒரு பத்திரிகை அச்சிட எனக்குத் தமிழ் எழுத்துரு வேண்டும், ஆனால் அந்த மொழி தமிழ் அல்ல. சௌராஷ்டிரத்துக்குச் சொந்த எழுத்தும் உண்டு, 2008-இல் யூனிகோடில் சேர்ந்தது. எழுத்துரு என்பது வரிவடிவத்துக்குச் சொந்தம், மொழிக்கு அல்ல என்பதை அந்தச் சின்ன வால் சொல்லிவிடுகிறது.

ஒரு தொகுப்பின் பெயர் மாறினால் என்ன ஆகும்? எழுத்துருக்களுக்கு முன்பு "டிடிஎஃப்" என்ற முன்னொட்டு இருந்தது, பிறகு "ஃபான்ட்ஸ்" என்று ஆனது. பழைய பெயரில் வெறும் கூடு ஒன்றை வைத்து, அதை நிறுவினால் புதிய பெயருள்ள தொகுப்பு வரும்படி செய்தார்கள். மாட்டுத்தாவணி என்றுதான் இன்றும் நடத்துநர் கூவுகிறார். மாட்டுச் சந்தையின் பெயர் அது, நிலையத்தின் பெயர்ப் பலகையில் எம்.ஜி.ஆர். பெயர் இருக்கிறது. எந்தப் பெயரைச் சொல்லி ஏறினாலும் அதே இடத்தில் இறங்கலாம்.

நீங்கள் சொந்தமாகத் தொகுப்பு கட்டப் போகிறீர்கள் என்றால் தேதியை நேரடியாக எண்ணாக்காதீர்கள். 0~20190610 என்று தொடங்கியிருந்தால் எனக்கு அந்த வைகாசி நேர்ந்திருக்காது, ஏனென்றால் பிறகு வரும் 0.1-ம் 1.0-ம் அதைவிடப் பெரியவை. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் எண்ணை ஏற்றுங்கள். ஏற்றுவதற்கு முன் டிபிகேஜியிடமே கேட்டுவிடலாம். இரண்டு எண்களைக் கொடுத்து எது பெரியது என்று ஒப்பிட்டுச் சொல்லும் வசதி அதில் இருக்கிறது. நான் இப்போதெல்லாம் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அதனிடம் கொடுத்து, புதியதே பெரியது என்று அது சொன்ன பிறகுதான் களஞ்சியத்தில் ஏற்றுகிறேன். அன்று மாலையே பதினான்கு கணினிகளிலும் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்கிறேன்.