அகலமான வீல் போட்டதும் டயர் ஃபெண்டரில் (வீலை மூடி நிற்கும் பாடித் தகட்டில்) உரசுகிறது. அதன் உள்விளிம்பை மடக்கினால் போதுமா?

முதலில் கணக்குப் போடுங்கள். ஆஃப்செட் என்பது வீலின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் முகம் வரையுள்ள தூரம், மி.மீ.யில்; அது குறைந்தால் வீல் வெளியே தள்ளும். 7 அங்குல அகலம், ஆஃப்செட் 45 வீலை எடுத்துவிட்டு 8 அங்குலம், ஆஃப்செட் 35 போட்டால், வெளிப்பக்கம் சுமார் 23 மி.மீ. தள்ளி நிற்கும் (கூடிய அகலத்தில் பாதி 12.7, ஆஃப்செட்டில் 10). மடக்கினால் கிடைப்பது உள்விளிம்பின் அகலம் மட்டுமே. அது போதாவிட்டால் தகட்டையே வெளியே இழுக்க வேண்டும்.

வீலைக் கழற்றி, ஃபெண்டர் ரோலரை (விளிம்பை உருட்டி மடக்கும் கருவி) ஹப்பில், அதாவது வீல் மாட்டும் இடத்தில், போல்ட் செய்யுங்கள். ஹீட் கன்னால் பெயின்ட்டைக் கை வைக்க முடியாத அளவு சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து சுற்றில் மடக்குங்கள். அவசரப்பட்டால் தகடு அலை அலையாக நெளியும். சூடு ஆறிய பிறகு மடக்கினால் பெயின்ட் வெடிக்கும். வெடித்த இடத்தைச் சும்மா விட்டால் துரு உள்ளே ஓடும்: தேய்த்து, எபாக்சி பிரைமர் (துரு தடுக்கும் அடிப்பூச்சு) அடித்து, பிறகு பெயின்ட்.

பின்பக்கம்தான் வில்லங்கம். அங்கே இரண்டு தகடுகள் ஸ்பாட் வெல்டில் (புள்ளி புள்ளியாக வைத்த வெல்டில்) சேர்ந்திருக்கும். விளிம்பை வெட்டினால் அவை பிரிந்து தண்ணீர் புகும். திரும்ப வெல்ட் செய்து சீம் சீலர் (இணைப்பில் தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) பூசாமல் விடவே கூடாது.

பிளாஸ்டிக் ஃபெண்டரில் இந்த வேலை நடக்காது. கடைசியாக, ஸ்பிரிங்கைக் கழற்றி, சஸ்பென்ஷனை ஜாக்கியால் முழுக்கத் தூக்கி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, டயர் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள்.