அந்தக் காப்பை விடமாட்டேன்

கேள்வி: ஆத்தங்குடியில் அப்பா சொந்தமாகத் தொடங்கிய டைல்ஸ் பட்டறை. எல்லோரும் ஆலையில் செய்கிற விட்ரிஃபைடு டைல்ஸ் பக்கம் போனதில் ஆர்டர் பாதியாகிவிட்டது. இருந்த சீஸ் தீர்ந்ததும் எலிகள் புதுச் சீஸ் தேடிக் கிளம்புகிற மேனேஜ்மென்ட் கதைப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தேன், பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. போன மாதம் அம்மாவின் காப்பை அடகு வைத்துக் கூலி கொடுத்தாராம், அதை விடுங்கள். மாறவே மாட்டேன் என்பவரை என்ன செய்வது? என் பங்கைப் பிரித்துக்கொண்டு ஒதுங்கிவிடலாமா?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: நான் விடுவதாக இல்லை தம்பி. உங்கள் கடிதத்தில் உருப்படியான வரி அது ஒன்றுதான். சீஸ் தீர்ந்தது தெரியாதவரா காப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டு அடகுக்கடைப் படி ஏறுவார்? தொழில் படுத்தது உங்களுக்கு முன்பே அவருக்குத் தெரியும். கண்ணாடி மேல் அச்சை வைத்து, நீலம் சிவப்பு என்று சிமெண்ட் சாயத்தை ஊற்றி, ஒரு நிறம் இன்னொன்றில் ஓடாமல் அச்சைத் தூக்குகிற கை ஒரு மாதத்தில் பழகி வருவதில்லை, அந்த ஆட்களை இன்று அனுப்பிவிட்டால் நாளைக்கு ஆர்டர் வந்தாலும் கல் போட ஆள் கிடையாது. வீம்பு என்று நீங்கள் நினைப்பது கணக்கு.

அந்தக் கதை 1998இல் அமெரிக்காவில் வந்தது, நானும் படித்தேன். எலிகளோடு இரண்டு குட்டி மனிதர்கள் வருகிறார்களே, அதில் பயந்து பயந்து கிளம்பிப் போனவன் வழியில் கிடைத்த புதுச் சீஸைக் கூட்டாளிக்கு எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறான். அவன் வேண்டாம் என்றுவிடுகிறான், அது வேறு. நீங்கள் அப்பாவுக்கு எதைக் கொண்டுபோனீர்கள்? புத்தகத்தை! சென்னையில் நாலு ஆர்க்கிடெக்ட்டைப் பார்த்து ஒரு ஆர்டரோடு போயிருந்தால் அவர் கேட்டிருப்பார். 1942இல் ஜப்பான் படை வந்ததும் பர்மாவில் கடையையும் கொடுக்கல் வாங்கலையும் அப்படியே போட்டுவிட்டு வந்தவர்கள் இருந்த செட்டிநாட்டுச் சீமை அது, அங்கே போய் மாற்றத்துக்குப் பாடம் எடுக்கிறீர்கள்.

முதலில் இந்த மாதச் சம்பளத்தில் காப்பை மீட்டு அம்மா கையில் போடுங்கள். சம்பாதிக்கிற பிள்ளை இருக்கும்போது பெற்றவள் நகை அடகில் கிடப்பதை என்னால் பொறுக்க முடியாது. அப்புறம் ஒரு வாரம் லீவு போட்டுப் பட்டறையில் உட்காருங்கள். வாயைத் திறக்காமல் நோட்டைப் பாருங்கள், எந்த டிசைன் போகிறது, எது அடுக்கியபடி கிடக்கிறது, யார் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று.

பங்கு என்று கேட்டீர்களே, அப்பா சுயமாகச் சம்பாதித்த பட்டறை என்றால் அவர் இருக்கும்வரை அதில் உங்களுக்குப் பங்கே கிடையாது, சட்டமும் அப்படித்தான். சந்தேகம் இருந்தால் வக்கீலிடம் கேளுங்கள், வீட்டில் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.