கவி சம்மேளனமும் ஈற்றடியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலை காரணமாக ஆறு வருடமாக இந்தூரில் இருக்கிறேன். போன மாதம் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்து மைதானத்தில் 'அகில பாரதிய விராட் கவி சம்மேளன்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். இந்திக் கவிதையை நேரில் கேட்கலாமே என்று மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன். மேடையில் எட்டு பேர். கேட்டதில் முக்கால்வாசி மனைவி ஜோக், மாமியார் ஜோக், கட்சி மாறிய எம்எல்ஏ ஜோக். ஒருவர் பாகிஸ்தானைத் திட்டித் தொண்டை கிழியக் கத்தினார். பதினொன்றரைக்கு எழுந்து வந்துவிட்டோம். இதையா பெரிய பாரம்பரியம் என்கிறார்கள்? எப்போதுமே இப்படித்தானா, இல்லை இடையில் கெட்டுப்போனதா? நீங்கள் கான்பூரில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

கா. மு., இந்தூர்

அன்புள்ள கா. மு.,

பதினொன்றரைக்கு எழுந்து வந்தது தப்பு. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

எப்போதுமே இப்படித்தானா என்றால், பாதி ஆமாம். கவி சம்மேளனத்துக்கு முன்னால் 'சமஸ்யா பூர்த்தி' என்று ஓர் ஆட்டம் இருந்தது. ஒருவர் ஈற்றடி கொடுப்பார், கவிஞர்கள் அதில் கொண்டுபோய் முடிக்க வேண்டும். காளமேகத்திடம் ஈற்றடி கொடுத்து வம்புக்கு இழுத்தார்களே, அதேதான். காசியில் இந்தி எழுத்தாளர் பாரதேந்து ஹரிச்சந்திரரைச் சுற்றியிருந்தவர்கள் பிரஜ் பாஷையில், அதாவது பழைய கவிதை இந்தியில், ஆடினார்கள். பின்னால் கான்பூரில் கயாபிரசாத் சுக்ல 'சனேஹி', 'சுகவி' என்ற பத்திரிகையில் இதற்கென்றே இடம் ஒதுக்கினார். உருதுக் கவியரங்கமான முஷாயிராவிலும் முன்கூட்டியே ஓரடியைக் கொடுத்துவிட்டு, அதே சந்தத்திலும் இயைபிலும் கஜல் எழுதி வரச் சொல்லும் வழக்கம் உண்டு. ஆக, கவிதை எங்கே போய் நிற்கும் என்பது கேட்பவனுக்கு முன்பே தெரியும். எந்த வழியாகப் போகிறான் பார்ப்போம் என்றுதான் உட்கார்ந்திருப்பான். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் சம்மேளனத்தின் மிச்சக் கதை முழுக்கப் புரிந்துவிடும்.

இந்திக் கவிஞர் மகாதேவி வர்மா தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியதில் ஒரு காட்சி வருகிறது. அலகாபாத்தில் படிக்கும் சிறுமி. ஹரிஔத், ரத்னாகர் போன்ற பெரியவர்கள் தலைமை வகிக்கும் சம்மேளனங்களுக்குப் போவாள். தன் பெயரை எப்போது கூப்பிடுவார்களோ என்று தவிப்பாள். பெரும்பாலும் முதல் பரிசு வாங்கி வருவாள். ஒருமுறை வேலைப்பாடு செய்த வெள்ளிக் கிண்ணம் கிடைத்தது. விடுதித் தோழி சுபத்ரா குமாரி சௌகான் (ஜான்சி ராணி பாட்டு எழுதியவரேதான்) அதில் கீர், அதாவது பாயசம், ஊற்றித் தரச் சொன்னார். அதற்குள் அங்கே நேரு குடும்பத்தின் வீடான ஆனந்த பவனத்துக்குக் காந்தி வந்தார். சிறுமி கிண்ணத்தைக் காட்டினாள். எனக்குக் கொடுக்கிறாயா என்று கேட்டு அவர் வாங்கிக்கொண்டார். கிண்ணம் போனதில் அவளுக்கு வருத்தமில்லை. எந்தக் கவிதைக்குக் கிடைத்தது, சொல்லு பார்ப்போம் என்று அவர் கேட்கவே இல்லை. அதுதான் வருத்தம்.

அதே காந்தி இன்னொரு கவிஞரைச் சொல்லச் சொல்லிக் கேட்டார், அதுவும் உங்கள் ஊரில். 1935இல் இந்தூரில் இந்தி சாகித்திய சம்மேளனத்துக்கு அவர் தலைமை. மதுவைப் புகழ்ந்து பாடுகிறவனையெல்லாம் மேடையேற்றுகிறார்கள் என்று யாரோ கோள் சொல்லிவிட்டார்கள். கூப்பிட்டு விசாரித்தார். ஹரிவன்ஷ்ராய் பச்சன் தன் 'மதுசாலா'விலிருந்து (மதுக்கடை என்று அர்த்தம்) சில பாடல்களைப் பொறுக்கியெடுத்துச் சொன்னார். இதில் ஒன்றும் தப்பில்லையே என்று காந்தி விட்டுவிட்டார். பச்சன் குடிக்காதவர் என்பது தனி வேடிக்கை.

1933இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பச்சன் அதைப் படித்தபோதே மாணவர்கள் கிறங்கிப்போனார்கள். 135 நாலடிப் பாடல்கள், ஒவ்வொன்றும் 'மதுசாலா' என்ற சொல்லில்தான் முடியும். மூன்றாம் பாட்டுக்குள் கூட்டத்துக்குப் பிடிபட்டுவிடும். அப்புறம் கடைசிச் சொல்லைக் கவிஞர் சொல்லத் தேவையில்லை, கூட்டமே சொல்லும். கோயிலும் மசூதியும் பகையை வளர்க்கின்றன என்று சொல்லி அவர் நிறுத்தினால், சேர்த்துவைப்பது எது என்று மைதானம் முழுக்கக் கத்தும். ஈற்றடி கொடுக்கும் ஆட்டம்தான் இதுவும். கொடுக்கிற வேலை ஜனங்கள் கைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, எங்கே முறிந்தது? 1943இல் கவிஞர் அக்ஞேய் 'தார் சப்தக்' என்ற கவிதைத் தொகுப்பைக் கொண்டுவந்தார். அங்கிருந்து வளர்ந்த புதுக்கவிதையில் அடுத்த வரி என்னவென்று யாராலும் ஊகிக்க முடியாது. அதுதான் அதன் பலமே. ஆனால் அதை ஐயாயிரம் பேருக்கு நடுவில் வாசித்தால் பின்வரிசையில் கொட்டாவி விடுவார்கள். மேடை கவிஞர்களைத் துரத்திவிட்டது என்று இந்திப் பேராசிரியர்கள் புலம்புவார்கள். என் கணக்கில், கவிஞர்கள் தாங்களாகவேதான் எழுந்து போனார்கள். அதற்கப்புறம் மேடைக் கவி, பத்திரிகைக் கவி என்று இரண்டு சாதி. மேடைக் கவிக்கு லிஃபாஃபா, அதாவது காசு வைத்த கவர். பத்திரிகைக் கவிக்கு அகாதெமி விருது. இரண்டு பக்கமும் மதிக்கப்பட்ட கவிஞர் நீரஜ் போன்றவர்கள் குறைவு.

காலியான இடத்தில் சிரிப்பு வந்து உட்கார்ந்தது. அதையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். நகைச்சுவைக் கவிஞர் காகா ஹாத்ரசிக்குக் கைவந்த வடிவம் குண்டலியா. ஆறடி, தொடங்கிய சொல்லிலேயே முடிய வேண்டும். நம் அந்தாதியை ஒரே பாட்டுக்குள் சுருட்டி வைத்தது மாதிரி. காகா அந்த விதியில் அத்தனை கறார் இல்லை, ஆனால் பாட்டு வளைந்து எங்கே வந்து கடிக்கும் என்று ஜனங்களுக்குத் தெரியும். 1995இல் இறந்தபோது, அவர் விருப்பப்படியே ஒட்டக வண்டியில் கொண்டுபோனார்கள். சுடுகாட்டில் ஹாஸ்ய கவி சம்மேளனம் நடந்தது. எரிகிற சிதைக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கவைப்பது லேசான வேலை இல்லை.

நீங்கள் கேட்ட மனைவி ஜோக்குக்கும் ஒரு வம்சம் இருக்கிறது. சுரேந்திர சர்மா ஹரியாணா வழக்கில், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், 'சார் லைனா சுனா ரியா ஹூன்' என்று ஆரம்பிப்பார். நாலு வரி சொல்கிறேன் என்று அர்த்தம். அங்கேயே சிரிப்பு தொடங்கிவிடும். அவரிடம் இருந்தது நிதானம். அவரைப் பார்த்துச் செய்கிறவர்களிடம் ஜோக் மட்டும்தான் மிஞ்சியது. அப்புறம் டிவி வந்தது, யூடியூப் வந்தது. மேடைக் கவிஞர் குமார் விஸ்வாஸின் 'கோயி தீவானா கெஹ்தா ஹை' என்ற பாட்டு பொறியியல் கல்லூரி விழாக்களில் தேசிய கீதம் போல ஆனது. அந்தப் புகழோடு அவர் 2014இல் அமேதியில் தேர்தலுக்கே நின்றார். நாலடி முக்தகம், அதாவது தனிப்பாட்டு, போன் திரைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. பத்து நிமிடக் கீதத்தை யார் கட் பண்ணிப் போடுவார்கள்?

எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது வேறு. பல மேடைகளில் ஒரே ஒரு பெண் கவி. அவரைச் சரஸ்வதி வந்தனம் பாடவைத்துவிட்டு, நிகழ்ச்சியை நடத்தும் சஞ்சாலக் இரவு முழுக்க அவர் சேலையைப் பற்றிப் பேசுவார். வெள்ளிக் கிண்ணம் வாங்கிய சிறுமி உட்கார்ந்த மேடை அது.

இன்னொன்றையும் நம் ஊர்க்காரராக யோசித்துப் பாருங்கள். சிரிப்பு, அரசியல் கிண்டல், மாமியார் மருமகள் எல்லாவற்றையும் நாம் பட்டிமன்றத்துக்குத் தள்ளிவிட்டோம். அவர்களுக்கு அப்படி ஒரு வாய்க்கால் இல்லை, எல்லாத் தண்ணீரும் இதில்தான் ஓட வேண்டியிருக்கிறது. நம் கவியரங்கம் சுத்தமாக இருக்கிறது என்று பெருமைப்படலாம். எத்தனை பேர் போகிறோம்?

மேடைக் கவி என்று உதட்டைப் பிதுக்குவதற்கு முன்னால் 2009 ஜூனையும் நினைத்துக்கொள்ளுங்கள். விதிஷாவில் விடிய விடியச் சம்மேளனம் முடிந்து போபாலுக்குத் திரும்புகிற வழியில் வண்டி விபத்து. சந்தம் தவறாமல் நகைச்சுவை எழுதிய ஓம் பிரகாஷ் ஆதித்யாவும் உடன் வந்த கவிஞர்களும் போய்விட்டார்கள். ராத்திரி ஓர் ஊர், மறுநாள் இன்னோர் ஊர் என்பதுதான் அவர்கள் பிழைப்பு.

கான்பூரில் ஒரு டிசம்பர் ராத்திரி, இரண்டு மணி இருக்கும். ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். மேடையில் வெள்ளை விரிப்பு, திண்டு. பக்கத்தில் ஒரு பெரியவர் ஒவ்வொரு கவிஞருக்கும் கடைசிச் சொல்லை முந்திச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. அப்போது வயதான ஒருவர் கீதம் பாட வந்தார். கங்கைக் கரையில் விட்டுவந்த ஊரைப் பற்றிய பாட்டு. ஓரடி 'காவ்' என்று முடிந்தது, ஊர். அடுத்தது 'பாவ்', கால். இனி 'சாவ்' என்றார் பெரியவர். (நிழல் என்று அர்த்தம், பயப்படாதீர்கள்.) வீட்டு வாசலில் வேப்பமரம் என்று ஏற்கெனவே பாடியாகிவிட்டது, வேறென்ன வரும்? கவிஞர் ஒரு மூச்சு நிறுத்திவிட்டு 'நாவ்' என்றார். படகு. வெள்ளம். வேப்பமரம் நின்ற இடத்தில் படகு போகிறது.

பெரியவர் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டு 'மார் டாலா!' என்று கத்தினார். கொன்னுட்டான் என்று அர்த்தம். திரும்பப் பாடச் சொல்லி மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் பெரியவர் வாயைத் திறக்கவில்லை.

இந்த மாதிரி ஆட்களைச் சஞ்சாலக் முதலில் கூப்பிட மாட்டார். கூட்டம் சூடேற ஜோக், அது சிதறாமல் இருக்க வீரரசம். மூத்தவர்கள் கடைசியில், தலைமை வகிப்பவர் எல்லாருக்கும் கடைசியில். நீங்கள் எழுந்து வந்தபோது அவர்கள் திண்டில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்திருப்பார்கள். இந்தூரில் குளிர் காலத்தில் இன்னொரு சம்மேளனம் போடாமலா இருப்பார்கள்? மதியம் நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள்.