ஏரிக்கரையில் மூன்று இரவுகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஓகஸ்டில் இரண்டு குடும்பம், அம்மம்மாவோடு சேர்த்து 9 பேர், அல்கொன்குயின் பூங்காவில் மூன்று இரவு தங்க விரும்புகிறோம். யாருக்கும் முன் அனுபவம் இல்லை. எப்போது பதிவு செய்ய வேண்டும்? எங்கே தங்குவது நல்லது?
– ஸ்காபறோ வாசகி

பதில்: நீங்கள் போய்ச் சேரும் நாளுக்குச் சரியாக 5 மாதம் முன்னதாக, காலை 7 மணிக்கு ஒன்ராறியோ பூங்காக்களின் இணையத்தளத்தில் பதிவு திறக்கும். ஓகஸ்ட் 7 என்றால் மார்ச் 7. பத்து நிமிடம் முன்னரே கணக்கினுள் நுழைந்து, பிடித்த நான்கைந்து இட எண்களை எழுதி வைத்துக்கொண்டு காத்திருங்கள். கரையோர இடங்கள் சில நிமிடங்களில் போய்விடும். தவறினாலும் மனம் விட வேண்டாம். கடைசி வாரங்களில் பலர் ரத்துச் செய்வார்கள். வெள்ளி, சனியைத் தவிர்த்தால் வாய்ப்பு இன்னும் அதிகம்.

ஓர் இடத்துக்கு 6 பேர் என்பதே பொது வரையறை. அதனால் அருகருகே இரண்டு இடம் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாகனம்தான் கட்டணத்தில் அடங்கும். மூன்றாவது காருக்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

அம்மம்மா நிலத்தில் படுத்து எழும்புவது கடினம் என்றால் மியூ ஏரி முகாமில் உள்ள யேர்ட் எனும் நிலையான பெரிய கூடாரத்தைப் பாருங்கள். ஆறு பேர் படுக்கக் கட்டில், மின்சூடு, கதவு எல்லாம் இருக்கும். போர்வையும் தலையணையும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். உள்ளே சமைக்க முடியாது, கழிப்பறையும் கிடையாது. இரவில் டோர்ச் பிடித்து நடக்க வேண்டிய தூரத்தை வரைபடத்தில் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

கூடாரத்துக்கு இடம் தேர்வதில் பலர் ஏமாறுவது கரையைப் பார்த்துத்தான். தண்ணீரோடு ஒட்டிய இடத்தில் காற்றும் ஈரமும் அதிகம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒரு நிமிடம்கூடக் கண்ணை எடுக்க முடியாது. கரையிலிருந்து இரண்டாவது வரிசையில், சற்று மேடான இடமே நல்லது. பள்ளமான இடத்தில் ஒரு மழை பெய்தால் கூடாரத்தின் அடியில் தண்ணீர் தேங்கிவிடும். குளியலறைக் கட்டடத்துக்கு நேர் எதிரும் வேண்டாம். வெளிச்சமும் கதவுச் சத்தமும் விடியும்வரை ஓயாது.

மாதத்தைப் பொறுத்தவரை ஓகஸ்ட் நல்ல தேர்வு. மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் கடைசிவரை கறுப்பு ஈயும் நுளம்பும் முதல்தடவை போகிறவர்களை வெறுத்துப்போகச் செய்துவிடும்.

கேள்வி: தடித்த காற்று மெத்தை, இரண்டு போர்வை இருந்தும் போன ஜூலையில் இரவு முழுக்க நடுங்கினோம். இந்தமுறை பார்பிக்கியூ தணலைக் கூடாரத்துக்குள் சிறிது நேரம் வைத்துச் சூடேற்றலாமா?
– பிரம்டன் வாசகர்

பதில்: ஒருபோதும் கூடாது. ஒரு நிமிடம்கூட வேண்டாம். எரிகிற கரியும் அணைந்துபோகும் தணலும் காபன் மொனொக்சைட்டை வெளிவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, தலைச்சுற்று, நித்திரை என்று தொடங்கும். நித்திரையிலேயே இருப்பவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடைக்காது. வாசல் சிப்பைத் திறந்துவிட்டாலும் போதாது. புரொப்பேன் அடுப்புக்கும் இதே விதிதான். மழை வந்தால் அடுப்பைக் கூடாரத்துக்குள் எடுக்காமல், நாலு பக்கமும் திறந்த தார்ப்பாயின் கீழ் வைத்துச் சமையுங்கள்.

நீங்கள் நடுங்கியதற்குக் காரணம் மெத்தை. உள்ளே வெறும் காற்றுள்ள தடித்த மெத்தையில் அந்தக் காற்று சுழன்று, உடம்புச் சூட்டை நிலத்துக்குக் கடத்திவிடும். மேலே எத்தனை போர்வை போட்டாலும் முதுகு குளிரும். மெத்தைமேல் நுண்ணறைகள் மூடிய (closed-cell) நுரைப் பாய் ஒன்றை விரியுங்கள். புதிதாக வாங்குவதென்றால் சூடு நிலத்துக்குப் போகாமல் தடுக்கும் அளவைக் காட்டும் 'ஆர்' மதிப்பு 3 அல்லது அதற்கு மேல் உள்ள பாயாக வாங்குங்கள். அல்கொன்குயின் பக்கம் கோடையிலும் சில இரவுகள் 10 பாகைக்குக் கீழே போகும். உறக்கப் பையில் பெரிதாக அச்சிட்ட எண்ணை நம்பாமல் 'கம்ஃபர்ட்' என்று தனியாகப் போட்டிருக்கும் பாகையைப் பாருங்கள். படுக்கும்முன் பகலில் போட்ட உடுப்பை மாற்றுங்கள். வியர்வை ஊறிய பருத்தி உடுப்பு இரவில் ஐஸ் மாதிரி ஒட்டும்.

கேள்வி: மூன்று நாளும் சோறு கறி வேண்டும் என்கிறார்கள் வீட்டில். இறைச்சி பழுதாகாதா? கரடி வராதா?
– மார்க்கம் வாசகி

பதில்: இறைச்சிக் கறியை வீட்டிலேயே தண்ணீர் வற்றச் சமைத்து, ஒரு வேளைக்கு ஒன்றாகச் சிப் பைகளில் தட்டையாக உறையவைத்துக் கொண்டுபோங்கள். அது உணவும் ஆகும், ஐஸும் ஆகும். கடைசி நாள் கறி அடியில், முதல்நாள் கறி மேலே. உடைத்த ஐஸைவிடப் பெரிய கட்டி ஐஸ் மெல்லக் கரையும். பால் போத்தலில் தண்ணீரை உறையவைத்தாலே போதும். குளிர்பானங்களுக்குத் தனிப் பெட்டி வையுங்கள். பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறக்கும் பெட்டிக்குள் இறைச்சி 4 பாகையில் நிற்காது.

எரிவாயுவில்தான் பலர் கணக்குத் தவறுவது. இரட்டை அடுப்பின் இரண்டு பக்கத்தையும் முழுத் தீயில் வைத்தால் 465 கிராம் புரொப்பேன் சிலிண்டர் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான் எரியும், காற்று அடித்தால் சமையலும் இழுபடும். 9 பேருக்கு பார்பிக்கியூவுக்குப் பாவிக்கும் பெரிய தாங்கியும் அதற்குரிய குழாயும் எடுத்துப்போவதே மலிவு. பூட்டியபின் இணைப்பில் சவர்க்கார நீர் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். சிவப்புப் புழுங்கலரிசி வேக நெடுநேரம் ஆகும். அரை மணி ஊறிய பாஸ்மதி 12 நிமிடத்தில் முடிந்துவிடும்.

கரடியைக் கொண்டுவருவது மணம். உணவு, குளிர்பெட்டி, குப்பை, அடுப்பு, கழுவாத சட்டி மட்டுமல்ல, பற்பசையும் சவர்க்காரமும்கூட இரவில் காருக்குள் போக வேண்டும், கண்ணாடிகளை முழுக்க ஏற்றியபடி. மீன் பொரித்த எண்ணெயை நெருப்புக் குழியில் ஊற்றாதீர்கள். ஆறவிட்டுப் போத்தலில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கரடியைக் கண்டால் ஓடாதீர்கள், முதுகும் காட்டாதீர்கள். எல்லோரும் சேர்ந்து நின்று, உரத்துக் கதைத்தபடி மெல்லப் பின்னே நகருங்கள்.

விறகை மட்டும் ரொறொன்ரோவிலிருந்து கொண்டுபோக வேண்டாம். 2002இல் வின்சரில் கண்டுபிடிக்கப்பட்ட மரகதச் சாம்பல்மரத் துளைவண்டு போன்றவை விறகுக்குள் ஒளிந்து புதிய காடுகளுக்குப் போகின்றன. அங்கேயே வாங்குங்கள்.

கேள்வி: வாடகைக்கு எடுத்த கொட்டேஜில் சமையலறைக் கழுவு தொட்டிக்குள் எண்ணெயோ அரிசி கழுவிய தண்ணீரோ ஊற்றக் கூடாது என்று எழுதியிருக்கிறது. ஏன்?
– ஏஜாக்ஸ் வாசகர்

பதில்: அங்கே நகரக் கழிவுக் குழாய் இல்லை. கழிவு நீர் முற்றத்தில் புதைத்த தொட்டிக்குப் போகும். திண்மங்கள் அடியில் படியும், எண்ணெய் மேலே மிதக்கும், நடுவிலுள்ள நீர் மண்ணுக்குள் வடியும். எண்ணெயும் மாவும் அளவு மீறினால் அவையும் சேர்ந்து மண்ணை அடைத்துவிடும். அதன்பின் கழிவு வீட்டுக்குள்ளேயே திரும்பும். சட்டியைக் கடதாசியால் துடைத்த பிறகு கழுவுங்கள். எல்லோரும் அடுத்தடுத்துக் குளிக்காமல் காலை, மாலை என்று பிரியுங்கள். எட்டுப் பேர் என்று எழுதியிருந்தால் பன்னிரண்டு பேர் போகக் கூடாது என்பதற்கும் இதுவே முக்கிய காரணம்.

கேள்வி: பிள்ளைகள் மூன்று வருடம் நீச்சல் பழகியவர்கள். உயிர்காப்பு அங்கி கட்டாயமா?
– மிசிசாகா வாசகி

பதில்: ஆம். ஒன்ராறியோ பூங்காக்களின் ஏரிக்கரைகளில் உயிர்காப்பாளர் இல்லை. நீச்சல் தடாகத்தில் அடி தெரியும். ஏரியில் இடுப்பளவு நீர் இரண்டு எட்டில் ஆளை மூடும் ஆழமாகலாம். குளிர்ந்த நீருக்குள் திடீரென்று விழுந்தால் முதல் நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காது. அந்த நேரம் வாய்க்குள் போகும் தண்ணீரே ஆபத்து, நன்றாக நீந்துபவருக்கும்தான். காற்றூதிய வளையமும் மிதவையும் காப்பு ஆகா. கரையிலிருந்து வீசும் காற்று அவற்றை நடு ஏரிக்கு இழுத்துவிடும்.

பெரியவர்களில் ஒருவர் தொலைபேசியை வைத்துவிட்டு, பார்ப்பதையே வேலையாக 15 நிமிடம் நிற்கட்டும். பிறகு மற்றவரிடம் பெயர் சொல்லி ஒப்படைக்கட்டும். கனூவில் ஆளுக்கொரு அங்கி இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் படகின் அடியில் கிடக்கும் அங்கி, கவிழும்போது கைக்கு வராது. அணிந்துகொண்டே ஏறுங்கள். அளவு பார்ப்பது சுலபம்: கொளுவிகளைப் பூட்டியபின் பிள்ளையின் தோள் பக்கத்து அங்கியைப் பிடித்து மேலே தூக்குங்கள். அது காதுவரை ஏறினால் பெரிது. சின்ன அளவை எடுங்கள்.