ரப்பர் பாலுக்கு எண்ணெய் ஆகாது

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். கணவர் லோரி ஓட்டுகிறார். போன மாதம் அவருக்கு கொனோரியா என்ற பால்வினை நோய் என்று ஊசி போட்டு, இனி ஆணுறை போடச் சொன்னார்கள். இரண்டு முறை கிழிந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவித்தான் போடுகிறோம். மலிவான சரக்கு என்பதாலா? டவுன் கடையில் எல்லாரும் தெரிந்தவர்கள், கேட்கவே கூச்சம்.

பதில்: சரக்கைக் குறை சொல்ல வேண்டாம், தங்கச்சி. கிழித்தது எண்ணெய்தான். ஆணுறை பெரும்பாலும் ரப்பர் பாலில் செய்வது, பால்மரத்தில் வடிகிற அதே பால். ஊறுகாய் பாக்கெட்டில் கட்டிய ரப்பர் பேண்டு எண்ணெய் பட்டு ஊதிப்போய், இழுத்தால் பட்டென்று அறுவதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு மெல்லிய உறை எப்படித் தாங்கும்? பேபி ஆயில், வேசலின் இவையும் ஆகாது. பார்மசியில் தண்ணீரில் கரையும் ஜெல் என்று கேளுங்கள்.

ஆணுறையை அவர் எங்கே வைக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. லோரி டேஷ்போர்டு, மோட்டார் சீட்டுக்கு அடியில், பர்ஸ் என்றால் அந்தச் சூட்டிலேயே பாதி கெட்டுவிடும். வீட்டு அலமாரியில் வையுங்கள். பாக்கெட்டை அமுக்கினால் உள்ளே காற்று தெரிய வேண்டும், தேதியும் தாண்டியிருக்கக் கூடாது. பல்லால் கிழிக்காதீர்கள். நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றிவிட்டு அடிவரை உருட்டுங்கள். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடவே கூடாது.

ஆனால் உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது வேறு. ஊசி அவருக்குப் போட்டார்கள், உங்களுக்கு? கொனோரியா பெண்களுக்கு வலியோ வெள்ளைப்படுதலோ இல்லாமலே உள்ளே இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் அடைத்துப் பிள்ளைப்பேற்றையே கெடுத்துவிடலாம். உங்களுக்கும் தொற்றியிருந்து, நீங்கள் மருந்து எடுக்காவிட்டால் அவருக்கும் திரும்ப வரலாம். இருவரும் மருந்து முடித்து 7 நாள் ஆகும்வரை சேராதீர்கள், ஆணுறையோடுகூட. கோபம் இருக்கும், நியாயம்தான். சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், பரிசோதனை இந்த வாரமே.

கூச்சத்துக்கு ஒரு வழி: வாங்குவது அவர் வேலையாகட்டும். லோரி நிற்கும் ஏதாவது ஒரு டவுனில், தெரியாத பார்மசியில் எடுத்துக்கொள்ளலாம்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். கவுண்டரில் எல்லார் முன்னும் விவரம் சொல்லத் தேவையில்லை. தமிழ் பேசும் மிஸ்ஸி (நர்ஸ்) யாராவது இருந்தால் தனியாகச் சொல்லுங்கள். கணவருக்குக் கொடுத்த மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டு போங்கள், சிபிலிஸ், எச்ஐவி இரண்டுக்கும் சேர்த்தே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.